ஏழு நாள் வெதர்: நீலகிரியில் அதைப் படிப்பது எப்படி?

போனைத் திறந்தால் ஏழு நாளுக்கும் ஏழு படம் வரிசையாக வருகிறது. ஒரு மேகம், நாலு துளி, பக்கத்தில் இரண்டு எண். ஆகஸ்டு மாதத்தில் தேவாலாவுக்குப் பார்த்தாலும் அதே மேகம், கோத்தகிரிக்குப் பார்த்தாலும் அதே துளிதான். ஆனால் அதே நாளில் தேவாலாவில் ஓடைத் தண்ணீர் ரோட்டில் ஓடும். கோத்தகிரியிலோ கொளுந்து பறிக்கிறவர்கள் வெயிலுக்குத் தலையில் துணி போட்டுக்கொண்டு நிற்பார்கள். இரண்டும் ஒரே மாவட்டம்தான்.

இதைப் பார்த்துவிட்டு, "இந்த ஆப்பை நம்பவே கூடாது" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. மலையில் வார முன்னறிவிப்பைப் படிப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, நம் வீடு மலையின் எந்தச் சரிவில் இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், மாவட்டம் முழுவதற்கும் சொன்ன சேதியை நம் தெருவுக்குரிய சேதியாக மாற்றிக்கொள்ளலாம். இதற்கு இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எந்த இடத்துக்கான எண்?

முன்னறிவிப்பு முதலில் கணினியில்தான் உருவாகிறது. பூமியைச் சுற்றியுள்ள காற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து அடுத்தடுத்த நிமிடங்களுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே போகிறார்கள். இந்தக் கணக்குக்கு மாடல் என்று பெயர். உலகம் முழுவதும் பயன்படுகிற ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 9 கிலோமீட்டர். அமெரிக்க மாடலில் சுமார் 13. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 மே மாதம் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டர்.

தஞ்சாவூரில் 9 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்றால் பெரிய குறை கிடையாது. இந்த முனையும் வயல், அந்த முனையும் வயல். இங்கே அதே அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியும் வந்துவிடும், கீழே கேத்திப் பள்ளத்தாக்கும் வந்துவிடும். மாடல் இரண்டையும் சேர்த்துச் சராசரியாக ஓர் உயரத்தை வைத்துக்கொள்கிறது. அதன் கண்ணில் உச்சி தாழ்ந்துவிடுகிறது, பள்ளம் மேடாகிவிடுகிறது. மலைமீது ஏறவேண்டிய காற்று அந்தக் கணக்கில் முழுதாக ஏறுவதில்லை. மழை குறைத்துச் சொல்லப்படுவதற்கும் வெப்பம் தப்பாக வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வெப்பத்தை நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்று 6.5 டிகிரி குளிர்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். வித்தியாசம் 1,915 மீட்டர், அதாவது ஏறக்குறைய 12 டிகிரி. மேட்டுப்பாளையத்தில் 36 என்றால் ஊட்டியில் 24-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆப் ஊட்டிக்கு 30 என்று காட்டினால், அது பக்கத்திலுள்ள ஏதோ தாழ்வான கட்டத்தின் எண் என்று சந்தேகப்படலாம். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானபோது நாடே அதைச் செய்தியாகப் பேசியது. அவ்வளவு அபூர்வமான எண் அது. சில ஆப்கள் உயரத்துக்குத் தக்கபடி திருத்தம் செய்தே காட்டுகின்றன, சில செய்வதில்லை. ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் ஆப் எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

முதலில் காற்றைப் பாருங்கள்

மழைப்படத்தை எல்லோரும் பார்க்கிறோம். காற்றின் திசையைப் பார்க்கிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், நீலகிரியில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆப்பில் சின்ன அம்புக்குறியாக இருக்கும், அல்லது மேற்கு, தென்மேற்கு, கிழக்கு என்று எழுதியிருக்கும். அம்புக்குறி சில ஆப்களில் காற்று போகிற திசையைக் காட்டும். எழுத்தில் மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருகிற காற்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. கேரளத்தைத் தாண்டியதும் நேராக நம் மேற்குச் சரிவில் முட்டுகிறது. முட்டிய காற்றுக்கு ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் அதிலிருக்கும் ஈரம் துளியாகிறது, துளி மழையாகக் கொட்டுகிறது. அதனால்தான் கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி, அப்பர் பவானி ஆகிய இடங்கள் அந்த மாதங்களில் நனைந்துகொண்டே இருக்கின்றன. ஈரத்தைப் பெரும்பாலும் அங்கேயே இறக்கிவிட்ட காற்று, குந்தா மலைகளைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடாகிறது, மேகம் கலைகிறது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அப்போது வந்து சேர்வது பெரும்பாலும் சாரலும் காற்றும்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலிலிருந்து வருகிறது. கோயம்புத்தூர்ச் சமவெளியைக் கடந்து பர்லியார், குன்னூர், கோத்தகிரி பக்கத்துக் கிழக்குச் சரிவில் ஏறுகிறது. இப்போது மழை இந்தப் பக்கம். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிவதும், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயிலை நிறுத்துவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ஊட்டி நகருக்கு இரண்டு பருவத்திலும் பங்கு உண்டு.

இது எவ்வளவு தீவிரமாகப் போகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இரண்டு நாட்கள் சாட்சி. 2019 ஆகஸ்டில், தென்மேற்குப் பருவத்தில், அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. 2009 நவம்பரில், வடகிழக்குப் பருவத்தில், கேத்தியிலும் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அந்த நவம்பர் மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அவலாஞ்சிக்கும் கேத்திக்கும் நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் ஒன்று மேற்குக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது, மற்றது கிழக்குக் காற்றுக்கு வாசலாக இருக்கிறது.

2009-இல் நடந்ததை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அக்டோபர், நவம்பரில் வார முன்னறிவிப்பைப் படிக்க அது பெரிய பாடம். அந்த வாரம் தெற்கே குமரிக் கடல் பக்கமாக ஒரு காற்றழுத்தத் தாழ்வுநிலை நகர்ந்து, பிறகு அரபிக்கடலில் பியான் புயலாகி வடக்கே போனது. புயல் நம்மைத் தொடவே இல்லை. ஆனால் தாழ்வுநிலை தெற்கே இருக்கும்போது, நம் வடகோளத்தில் காற்று அதை இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அதற்கு வடக்கே இருக்கிற நமக்குக் கிழக்குக் காற்று பலமாக வரும். ஈரமான கிழக்குக் காற்று பல மணி நேரம் நிற்காமல் கிழக்குச் சரிவில் ஏறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன எண்ணே காட்டுகிறது. ஆகவே, நவம்பரில் "இலங்கை, குமரிக் கடல் பகுதியில் தாழ்வுநிலை" என்று செய்தியில் கேட்டால், "அது எங்கேயோ தெற்கே" என்று குன்னூர்க்காரர் விட்டுவிடக் கூடாது. சென்னையில் கரை கடக்கும் புயலைவிட அதுதான் சில சமயம் நமக்கு அதிக மழை.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஆகஸ்டின் ஒரே மாதிரியான ஏழு படங்களும் வேறு மாதிரி தெரியத் தொடங்கும். குன்னூர் ஓட்டுப்பட்டறையில் இருக்கிறீர்கள், காற்று முழு வாரமும் மேற்கு என்றால், மழைப்படம் இருந்தாலும் துணி காயும் நாட்கள் கிடைக்கும். ஆனால் மேற்குக் காற்று பலமாக இருக்கும் வாரத்தில் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்குக் கீழே வண்டியை நிறுத்தாமல் இருப்பது நல்லது. ஆப் காட்டும் காற்றின் வேகம் ஒரு கட்டத்தின் சராசரி. மலைமுகட்டிலும் இரண்டு மலைக்கு நடுவிலான இடுக்கிலும் திடீரென்று வீசும் காற்று அதைவிட வெகுவாகக் கூடுதலாக இருக்கும். இத்தலார், எமரால்டு பக்கம் வசிப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்டிமீட்டர், நிறம், சதவீதம்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் வெளியிடும் அறிக்கையில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அவை ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30-க்கு முடிகிறது. அதனால் காலைச் செய்தியில் "இன்று பதிவான மழை" என்று வருவது பெரும்பாலும் நேற்றுப் பகலும் ராத்திரியும் பெய்ததுதான்.

சென்டிமீட்டர் என்றால் மனத்தில் ஒன்றும் தோன்றாது. இப்படிப் பாருங்கள்: 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் 1 லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதன்மேல் 10 சென்டிமீட்டர் பெய்தால் 9,300 லிட்டர். அவ்வளவும் கூரையிலிருந்து இறங்கி எங்கேயோ போகவேண்டும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச்சுவர்ப் பக்கம் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா, கீழ்வீட்டுக்காரர் முற்றத்துக்குப் போகிறதா என்று மழைக்கு முன்னாலேயே பார்த்து வைப்பது நல்லது.

அப்புறம் இடத்தைக் குறிக்கும் சொற்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு உட்பட்டவை. "ஒருசில இடங்களில்" என்றால் கால்வாசிக்கு மேல், பாதி வரை. "அநேக இடங்களில்" என்றால் பாதிக்கு மேல், முக்கால்வாசி வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால்வாசிக்கு மேல். "நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்று வந்தால் அந்த ஓரிரு இடம் எது என்று யோசிக்க வேண்டியது நாம்தான். ஜூலையில் அது தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம். காற்றுத் திசை தெரிந்தவருக்கு இந்த வரி பாதி முகவரியைச் சொல்லிவிடுகிறது.

நிறங்களில் பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் செய்தியைத் தொடர்ந்து கவனியுங்கள் என்று பொருள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். நிறம் மாவட்டம் முழுவதற்கும் ஒன்றாகவே கொடுக்கப்படும். சிவப்பு கொடுத்த நாளில் கோத்தகிரியில் வெயிலடித்தது என்பதற்காக அந்த எச்சரிக்கை தப்பாகிவிடாது. பந்தலூரில் யாரோ அதை நம்பித்தான் பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆப்பில் வரும் சதவீதம் இன்னொரு குழப்பம். "60 சதவீதம் மழை" என்றால் நாளில் 60 சதவீத நேரம் பெய்யும் என்றோ, பலமாகப் பெய்யும் என்றோ பொருள் கிடையாது. இதே மாதிரி பத்து நாட்கள் வந்தால் அவற்றில் ஆறு நாள் அந்த இடத்தில் மழை இருக்கும் என்பதுதான் அதன் கணக்கு. ஐந்து நிமிடத் தூறலும் அதில் மழைதான். எனவே சதவீதத்துடன் மில்லிமீட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 90 சதவீதம், 2 மில்லிமீட்டர் என்றால் சாரல். 40 சதவீதம், 30 மில்லிமீட்டர் என்றால் வராமலும் போகலாம், வந்தால் நனைத்துவிடும்.

மதியத்துக்கு மேல்

ஏப்ரல், மே மாதத்துக் கோடை மழைக்குக் கணக்கே வேறு. காலையில் நல்ல வெயில். சரிவு சூடேறி, அதை ஒட்டிய காற்று மேலே ஏறுகிறது. மதியம் இரண்டு மணிவாக்கில் மேகம் கோபுரம் கட்டத் தொடங்கும். மாலைக்குள் இடி, சில நாள் ஆலங்கட்டி. ஊட்டி மார்க்கெட்டில் கொட்டும்போது பிங்கர்போஸ்டில் ரோடு காய்ந்து கிடப்பதும் உண்டு. ஒரு மேகத்தின் அகலமே சில கிலோமீட்டர்தான் என்பதால், எந்தத் தெருவில் பெய்யும் என்று ஒரு வாரம் முன்பு யாராலும் சொல்ல முடியாது. அந்த வாரம் இடிமழைக்குத் தோதான வாரமா என்பதை மட்டும் சொல்லலாம். வெளிவேலையைக் காலையில் முடித்துக்கொள்வது, தோட்டத்தில் இருப்பவர்கள் முதல் இடிச்சத்தம் கேட்டதுமே கூரைக்குக் கீழே வருவது என்று வைத்துக்கொண்டால் போதும். மின்னலை மட்டும் கவனிக்க, புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி என்ற இலவச ஆப் இருக்கிறது. பக்கத்தில் மின்னல் இருந்தால் போனில் எச்சரிக்கும்.

மூடுபனி எங்கே தொடங்கும்?

சமவெளியில் பனிமூட்டம் என்பது தரையிலேயே உருவாவது. நம் ஊரில் வண்டி லைட்டைப் போடவைக்கும் மூடுபனி பெரும்பாலும் மேகமேதான். கீழே மேட்டுப்பாளையத்தில் நிற்பவருக்கு அது வானத்தில் இருக்கும் மேகம். அதே உயரத்தில் ரோடு இருப்பதால் நமக்கு அது மூடுபனி.

அதன் அடிமட்டத்தை ஒரு சின்னக் கணக்கில் ஓரளவு பிடித்துவிடலாம். ஆப்பில் வெப்பத்துக்குப் பக்கத்தில் டியூ பாயிண்ட் என்று ஓர் எண் இருக்கும். காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் என்பதுதான் அது. வெப்பத்திலிருந்து அதைக் கழித்து, 125-ஆல் பெருக்கினால், தரையிலிருந்து எத்தனை மீட்டர் மேலே மேகம் தொடங்கும் என்பது கிடைக்கும். மேட்டுப்பாளையத்தில் வெப்பம் 27, டியூ பாயிண்ட் 21 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6. அதை 125-ஆல் பெருக்கினால் 750. மேட்டுப்பாளையத்தின் 325-ஐக் கூட்டினால் 1,075 மீட்டர். மலை ரயிலில் ஹில்குரோவ் ஸ்டேஷன் ஏறக்குறைய அந்த உயரம். அங்கிருந்து மேலே குன்னூர் வரை மூட்டம் இருக்கலாம் என்று எதிர்பார்க்கலாம். வித்தியாசம் 12 என்றால் 1,825 மீட்டர் வருகிறது. குன்னூர் ரயில் நிலையம் சுமார் 1,711 மீட்டரில் தெளிவாக இருக்கும், அதற்கு மேலே போகப் போக மேகத்துக்குள் நுழைவீர்கள். கீழிருந்து காற்று மலையேறி வரும் பகல் நேரத்துக்குத்தான் இது ஒத்துவரும். ராத்திரியில் பள்ளத்தில் தங்கும் பனிமூட்டத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. சாயங்காலம் மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியில் ஏறி வர வேண்டியவருக்கு இது பெரிய உபகாரம்.

உறைபனி

டிசம்பர், ஜனவரியில் வார முன்னறிவிப்பைத் தேயிலைத் தோட்டக்காரர்களும் மலைக்காய்கறி விவசாயிகளும் மழைக்காகப் பார்ப்பதில்லை. கடைசி வரியில் இருக்கும் குறைந்தபட்ச வெப்பத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே 5 டிகிரி என்று போட்டிருக்கும். பூச்சியத்துக்கு இன்னும் 5 டிகிரி இருக்கிறதே என்று நிம்மதியாகப் படுத்துவிட்டு, விடிந்து பார்த்தால் புல்வெளியெல்லாம் வெள்ளை. இது எப்படி என்று பலர் கேட்கிறார்கள்.

அந்த 5 டிகிரி தரையின் வெப்பம் கிடையாது. வானிலை நிலையங்களில் வெப்பமானியை ஏறக்குறைய ஆள் நெஞ்சு உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். மாடல்கள் 2 மீட்டர் உயரத்துக் காற்றுக்குக் கணக்குப் போடுகின்றன. ராத்திரியில் புல்லும் இலையும் தங்கள் சூட்டை நேராக வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். வானத்தில் மேகம் இருந்தால் அது கம்பளி போர்த்திய மாதிரி அந்தச் சூட்டில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மேகமில்லாத ராத்திரியில் போனது போனதுதான். காற்று வீசினால் மேலேயுள்ள சற்றே சூடான காற்று கீழே வந்து கலந்து புல்லைக் காப்பாற்றும். காற்றும் ஓய்ந்துவிட்டால் புல்லின் வெப்பம் மேலேயுள்ள பெட்டி காட்டுவதைவிடச் சில டிகிரி கீழே இறங்கிவிடும். காற்று உலர்ந்திருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அடுத்தது இடம். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், ஊட்டி குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்வெளி ஆகிய இடங்கள் முதலில் வெளுக்கின்றன, அவற்றைவிட உயரமான சரிவில் இருக்கும் வீட்டு முற்றத்தில் வெறும் நீர்ப்பனி மட்டும் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் குளிரும் என்று முன்னால் சொன்ன கணக்கு உறைபனி ராத்திரியில் உள்ளூர் அளவில் தலைகீழாகிவிடும். ஒரே தோட்டத்தில் மேல் பாத்தி பச்சையாகவும் கீழ் பாத்தி கருகியும் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே உறைபனிக்கு வார முன்னறிவிப்பில் மூன்று வரிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். குறைந்தபட்சம் 5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ, ராத்திரி வானம் தெளிவு, காற்று அனேகமாக இல்லை. மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் பள்ளத்துத் தோட்டங்களுக்கு அது உறைபனி இரவு என்றே வைத்துக்கொள்ளலாம். இளந்தேயிலைச் செடிகளை இலை தழை போட்டு மூடுவதும், கேரட், உருளைக்கிழங்குப் பாத்திகளில் வெயில் ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங்ளர் போட்டுப் பனியைக் கழுவி விடுவதும் நம் விவசாயிகள் செய்துவருவது. முந்தின நாள் மாலை மேகம் திரண்டால் அன்றைக்கு நிம்மதி. மழை பெய்து ஓய்ந்து வானம் பளிச்சென்று ஆகும் முதல் இரவில்தான் அதிகக் கவனம் தேவை.

விவசாயிகளுக்கென்றே செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்டவாரியாக வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. அடுத்த ஐந்து நாள் வெதருடன் பயிருக்கான ஆலோசனையும் இருக்கும். மேகதூத் ஆப்பில் அதைத் தமிழிலேயே படிக்கலாம். இவ்வளவு பயனுள்ள ஒன்றை இன்னும் பலர் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஏழாவது நாளை எவ்வளவு நம்பலாம்?

மாடல் இன்றைய அளவிலிருந்துதான் தொடங்குகிறது. இன்றைய அளவே எல்லா இடத்திலும் துல்லியமாகத் தெரியாது. கடலின் மேல் கருவிகள் குறைவு, மலையில் நிலையங்கள் குறைவு. தொடக்கத்தில் இருக்கும் சின்னப் பிசகு நாளுக்கு நாள் பெரிதாகும். அதனால் மையங்கள் ஒரே கணக்கை ஒரு தடவை மட்டும் போடுவதில்லை. ஐரோப்பிய மையம் தொடக்க அளவைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 51 தடவை போடுகிறது. அந்த 51 விடைகளும் ஒத்துப்போனால் நம்பிக்கை அதிகம். சிதறிப்போனால் குறைவு. ஆப்பில் நாம் பார்க்கும் ஒற்றைப் படத்தில் இந்தச் சிதறல் தெரியாது. ஏழாம் நாள் படமும் நாளைய படமும் ஒரே மாதிரி உறுதியுடன் நிற்கும். அதுதான் சிக்கல்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு நாளுக்கு மழை காலையிலா மாலையிலா என்பது வரை நம்பலாம். மூன்றாவது, நான்காவது நாளுக்கு மழை உண்டா, காற்று எந்தப் பக்கம் என்ற அளவில். அதற்குப் பிறகு, இந்த வாரக் கடைசி ஈரமா, உலர்வா என்ற போக்கு மட்டும். வெப்பம் இதைவிட நன்றாகவே பொருந்தும். மோசமாகப் பொருந்துவது கோடைக்கால இடிமழை. நடுவில் இருப்பது பருவக்காற்று மழை, ஏனென்றால் அது பெரிய அமைப்பு. மேற்கிலிருந்து வீசும் காற்று ஒரே நாளில் திசை மாறிவிடாது.

ஒரு வாரத்தை எடுத்துப் பார்ப்போம். நவம்பர் மாதம், ஞாயிறு இரவு, குன்னூர் என்று வைத்துக்கொள்வோம். ஆப் திங்கள், செவ்வாய்க்கு வெயில் காட்டுகிறது, காற்று லேசாக வடகிழக்கு. புதன்கிழமை 8 மில்லிமீட்டர். வியாழன் 35, வெள்ளி 60, காற்று கிழக்கு, வேகமும் கூடுகிறது. சனி, ஞாயிறு மறுபடி 10. செய்தியில் தென்கிழக்கு வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவாகலாம் என்கிறார்கள். படங்களை மட்டும் பார்த்தால் வெள்ளிக்கிழமை மழை, அவ்வளவுதான். காற்றையும் சரிவையும் சேர்த்துப் படித்தால் வேறு சேதி கிடைக்கிறது. கிழக்குக் காற்று, கிழக்குச் சரிவு, தெற்கே தாழ்வுநிலை. அதோடு மாடலின் மலை நிஜமான மலையைவிடத் தாழ்வானது, எனவே அந்த 60 என்பது குறைத்துச் சொல்லப்பட்ட எண்ணாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

மண்ணுக்கும் நினைவு உண்டு என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். சரிவு பெரும்பாலும் ஒரே நாள் மழையில் இறங்குவதில்லை. இரண்டு மூன்று நாள் பெய்து மண் தண்ணீரைக் குடித்து நிற்கும்போது வரும் அடுத்த பலமான மழைதான் ஆபத்து. அதனால் புதன், வியாழன், வெள்ளி மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய வாரமும் மழை என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சனிக்கிழமை 10 மில்லிமீட்டர்தானே என்று அன்றைக்கு அலட்சியமாக இருப்பதும் சரியில்லை.

திங்கள், செவ்வாய் வெயில் இருக்கிறதே, வீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாயிலிருந்து இலையும் பிளாஸ்டிக்கும் எடுக்க அதுதான் நேரம். தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகள் அடைபட்டிருந்தால் குத்திவிட வேண்டும். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டியவர் அதைச் செவ்வாய்க்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். புதன் காலை முன்னறிவிப்பைத் திரும்பப் பார்த்தால், வெள்ளிக்கிழமை இப்போது மூன்றாவது நாளாகியிருக்கும், எண்ணும் தெளிவாகியிருக்கும். மாவட்டத்துக்கு ஆரஞ்சோ சிவப்போ கொடுத்திருந்தால், சரிவை ஒட்டி இருக்கும் வீட்டுக்காரர்கள் வியாழன் ராத்திரியே சொந்தக்காரர் வீட்டுக்கோ முகாமுக்கோ போய்விடலாம். சுவரில் புதிதாக விரிசல் விழுந்தாலோ, மரமோ கரண்டுக் கம்பமோ சாய்ந்தாலோ, தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்று திடீரென்று கலங்கினாலோ நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வெளியே வந்துவிட்டு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள்.